இரண்டு செயற்கைக்கோள்கள் மோதுமா? வெவ்வேறு பாதைகளில் சுற்றுபவற்றின் ஆபத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

2009 பிப்ரவரி 10. இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தொலைபேசிச் செயற்கைக்கோளும், பல ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போயிருந்த காஸ்மோஸ் 2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளும் அன்றைக்கு 584 மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்துபோகும் என்பதுதான் பொதுவில் கிடைத்த கணிப்பு. அன்றைய நெருக்கப் பட்டியலில் முதல் இடங்களில்கூட இது இல்லை. அதைவிட நெருக்கமாகப் போகும் என்று சொல்லப்பட்ட ஜோடிகள் எத்தனையோ இருந்தன, அவையெல்லாம் ஒன்றும் ஆகாமல் போய்விட்டன. இந்த ஜோடி மட்டும் சர்வதேச நேரம் 16:56-க்கு, சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்துக்கு மேலே 789 கி.மீ. உயரத்தில் மோதிச் சிதறியது. பட்டியலிடும் அளவுக்குப் பெரிதான துண்டுகள் மட்டும் 2,000-க்கு மேல்.

584 மீட்டர் எப்படி பூஜ்ஜியம் ஆனது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மோதல் ஆபத்தைப் பற்றிப் பாதி புரிந்துவிடும். அதனால் இந்த ஜோடியையே கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். தேவையானவை: இணையம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், சைன், கொசைன் அளவுக்குப் பள்ளிக் கணிதம். பைதான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

படி 1: தரவை எடுங்கள், எடுத்தவுடன் அதன் தேதியைப் பாருங்கள்

ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் இரண்டே வரியில் அதன் பாதையைச் சொல்லும் ஒரு வடிவம் உண்டு. டி.எல்.இ. என்பார்கள். டி.எஸ். கெல்சோ நடத்தும் செலஸ்ட்ராக் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அமெரிக்க விண்வெளிப் படையின் ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில் கணக்கு திறந்தால் பழைய தரவும் கிடைக்கும்.

பார்த்தால் வெறும் எண் கூட்டமாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் வரியில் முக்கியமானது தரவின் நேரம்: 09041.7056 என்று இருந்தால் 2009-ஆம் ஆண்டின் 41-ஆவது நாள், அதில் 0.7056 பங்கு கடந்த நேரம் என்று பொருள். அதாவது பிப்ரவரி 10, மாலை 16:56. மோதிய அதே கணம். இரண்டாவது வரியில், செயற்கைக்கோளின் எண்ணுக்கு அப்புறம் ஆறு எண்கள் வரிசையாக நிற்கும். பாதை பூமத்திய ரேகைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தெற்கிலிருந்து வடக்கே போகும்போது ரேகையை எந்தத் திசையில் கடக்கிறது (இதைக் கணு என்று வைத்துக்கொள்வோம்), வட்டத்திலிருந்து எவ்வளவு பிறழ்ந்திருக்கிறது, பூமிக்கு மிக அருகில் வரும் இடம் எங்கே, இப்போது பாதையில் எங்கே இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று. பிறழ்ச்சி எண்ணுக்கு முன்னால் புள்ளி இருக்காது, நீங்கள்தான் பூஜ்ஜியமும் புள்ளியும் போட்டுப் படிக்க வேண்டும். 0016027 என்றால் 0.0016027.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். டி.எல்.இ. புதிதாக இருக்கும்போதே அதன் பிழை ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும், போகப்போக நாளுக்கு ஒன்றிலிருந்து மூன்று கி.மீ. வரை ஏறும். நான் முதல் தடவை இதைச் செய்தபோது ஒன்பது நாள் பழைய தரவை வைத்துக்கொண்டு, இரண்டு செயற்கைக்கோள்கள் 300 மீட்டரில் நெருங்கப் போகின்றன என்று கண்டுபிடித்து நண்பர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன். மறுநாள் புதுத் தரவைப் போட்டால் இடைவெளி 14 கி.மீ. அன்றிலிருந்து தேதியைப் பார்க்காமல் எண்ணைத் தொடுவதில்லை.

படி 2: உயரத்தை வைத்து வடிகட்டுங்கள்

பட்டியலில் பல்லாயிரம் பொருள்கள். எல்லா ஜோடியையும் கணக்குப் போட்டால் ஆயுள் போதாது. முதலில் சந்திக்கவே வாய்ப்பில்லாதவற்றைத் தூக்கி எறிய வேண்டும். இதற்கு மூன்று சல்லடைகள் கொண்ட ஒரு முறையை 1984-இல் ஹூட்ஸ், கிராஃபோர்ட், ரோரிச் என்ற மூவர் எழுதி வைத்தார்கள். இன்றும் பெரும்பாலோர் செய்வது அதன் வம்சாவளிதான்.

முதல் சல்லடை உயரம். ஒரு நாளுக்கு எத்தனை சுற்று என்ற எண்ணிலிருந்தே சராசரி உயரத்தை எடுத்துவிடலாம். இரிடியம் 33-க்கு அது 14.34. 86,400 விநாடியை 14.34-ஆல் வகுத்தால் 6,025 விநாடி, அதாவது சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இந்த 6,025-ஐ 6.2832-ஆல் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தி, 398600-ஆல் பெருக்கி, கனமூலம் எடுங்கள். 7,156 வரும். இது பூமியின் மையத்திலிருந்து கிலோமீட்டரில். பூமியின் ஆரம் 6,378-ஐக் கழித்தால் 778 கி.மீ. உயரம்.

மோதியது 789 கி.மீ. என்று மேலே சொன்னேனே, 778 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பூமி துருவத்தில் தட்டையானது. மோதல் நடந்தது வட அட்சம் 72 டிகிரிக்கு மேல். அங்கே தரை மையத்துக்கு அருகில் இருப்பதால் அதே பாதைக்கு உயரம் கூடுதலாகத் தெரியும். அதனால் ஒப்பிடும்போது உயரத்தை விட்டுவிட்டு மையத்திலிருந்து உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள்.

அப்புறம் பிறழ்ச்சி. சராசரி ஆரத்தை பிறழ்ச்சியால் பெருக்கி, கழித்தால் மிக அருகில் வரும் தூரம், கூட்டினால் மிக விலகும் தூரம். பிறழ்ச்சி 0.002 என்று சின்னதாகத் தெரிந்தாலும் 7,156-ஆல் பெருக்கினால் 14 கி.மீ., மேலும் கீழுமாக 28 கி.மீ. பட்டை. இரண்டு செயற்கைக்கோள்களின் பட்டைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் அந்த ஜோடியை விட்டுவிடலாம். ஓரத்தில் ஒரு 10, 20 கி.மீ. விளிம்பு வைத்துக்கொள்ளுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

தாழ்ந்த பாதைக்காரன் என்றால் உயர்ந்த பாதைக்காரனைப் பற்றிக் கவலையில்லை என்று பலர் நினைப்பது இங்கேதான் உடையும். ஜி.பி.எஸ். 20,200 கி.மீ.யில், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ.யில். இவை தாழ்ந்த பாதைக்கு வருவதில்லை, உண்மை. ஆனால் அவற்றை மேலே கொண்டுபோன ராக்கெட்டின் கடைசி அடுக்குகள் பல நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு முனை 250 கி.மீ.யில், மறுமுனை 36,000 கி.மீ.யில். பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே வந்து, நம் பட்டைகளையெல்லாம் குத்திக்கொண்டு விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும். உயரச் சல்லடையில் இவை யாருடைய பட்டையோடும் பொருந்தும் என்பதால் கடைசிவரை தங்கிவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் காற்று இழுப்பதால் அவற்றின் டி.எல்.இ. சீக்கிரமே கெட்டுப்போகும்.

படி 3: பாதைகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன

ஒரு ஜோடி வளையலை எடுத்து, இரண்டுக்கும் ஒரே மையம் இருக்குமாறு ஒன்றுக்குள் ஒன்றைச் சாய்த்துப் பிடியுங்கள். எப்படிச் சாய்த்தாலும் அவை நேரெதிரான இரண்டு இடங்களில் நெருங்கும். செயற்கைக்கோள் பாதைகளும் அப்படித்தான். எந்தப் பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றியே ஆக வேண்டும், அதனால் எந்த இரண்டு பாதைத் தளங்களும் மையம் வழியாகப் போகும் ஒரு கோட்டில் வெட்டும். அந்தக் கோட்டின் இரு முனைகளில் மட்டும்தான் ஆபத்து. மற்ற இடமெல்லாம் எவ்வளவு நெரிசலாகத் தெரிந்தாலும் இந்த ஜோடிக்குச் சம்பந்தமில்லை.

ஆக இரண்டாவது சல்லடையின் கேள்வி ஒன்றே: அந்த இரு முனைகளில் இரண்டு பாதைகளும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? ஒன்று 7,150, மற்றது 7,165 என்றால் மேம்பாலத்துக்குக் கீழே ரயில் போவதுபோலப் போய்விடும்.

தளங்களுக்கு இடையிலான கோணத்தையும் இங்கேயே எடுத்துவிடுங்கள், அடுத்த படிகளுக்கு வேண்டும். இரு சாய்வுகளின் கொசைன்களைப் பெருக்குங்கள். இரு சாய்வுகளின் சைன்களையும், கணு வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வெட்டும் கோணத்தின் கொசைன். இரிடியத்தின் சாய்வு 86.4, காஸ்மோஸ் 74.0, அன்றைய கணு வித்தியாசம் ஏறக்குறைய 104 டிகிரி. போட்டுப் பார்த்தால் கோணம் 102 டிகிரி வரும். கிட்டத்தட்ட நாற்சந்தியில் குறுக்கே பாய்வது போல.

இன்னொன்று. துருவத்தை ஒட்டிப் போகும் பாதைகளெல்லாம் பெரும்பாலும் உயர்ந்த அட்சங்களில்தான் ஒன்றையொன்று வெட்டும். வரைபடத்தில் தீர்க்கரேகைகள் மேலே போகப்போக நெருங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். சைபீரியாவின் வடக்கு முனைக்கு மேலே மோதல் நடந்தது விதியின் விளையாட்டு ஒன்றுமில்லை.

படி 4: ஒரே நேரத்தில் வருகிறார்களா

மூன்றாவது சல்லடை நேரம். இங்கேதான் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: இரண்டு செயற்கைக்கோள்களின் சுற்று நேரமும் 12 விநாடி வித்தியாசப்படுகிறது என்று வையுங்கள். இன்று வெட்டுப் புள்ளியை ஒன்று கடக்கும்போது மற்றது எங்கோ இருக்கிறது. அடுத்த சுற்றில் அந்த இடைவெளி 12 விநாடி மாறும், இந்த உயரத்தில் வேகம் விநாடிக்கு 7.46 கி.மீ. என்பதால் சுமார் 90 கி.மீ. நகரும். அதாவது 45,000 கி.மீ. நீளமுள்ள பாதையில் 90 கி.மீ. தாவல்களாக இந்த இடைவெளி நகர்ந்துகொண்டே போகும். 500 தாவலுக்கு ஒருமுறை, ஏறக்குறைய 35 நாளுக்கு ஒருமுறை, பூஜ்ஜியத்தைத் தாண்டும். தாண்டும்போது மிகச் சரியாகப் பூஜ்ஜியத்தின் மேல் கால்வைக்க வேண்டுமே! ஒரு கி.மீ.க்குள் வரவே 90-இல் 2 வாய்ப்புதான். பெரும்பாலும் தாவிப் போய்விடும்.

ஆனால் ஒரு ஜோடிக்கு அரிது என்பது ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அரிது இல்லை. இரிடியம் நிறுவனத்துக்கு அந்தக் காலத்திலேயே 5 கி.மீ.க்குள் வரும் நெருக்கங்கள் வாரத்துக்குச் சுமார் 400 வீதம் அறிவிக்கப்பட்டன. 400-க்கும் பதறினால் வேலை நடக்காது. பதறாததால் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

நடைமுறையில் இந்தப் படியைக் கையால் செய்ய வேண்டாம். எஸ்.ஜி.பி.4 என்ற கணிப்பு முறை பைதானில் இலவசமாகவே கிடைக்கிறது. டி.எல்.இ.யை அதற்குள்தான் போட வேண்டும், வேறு முறையில் போட்டால் விடை தப்பு, ஏனென்றால் அந்த எண்கள் அந்த முறைக்கென்றே தயாரானவை. வெட்டுப் புள்ளிக்கு அருகில் வரும் நேரங்களை மட்டும் எடுத்து, ஒரு விநாடி இடைவெளியில் தூரத்தைப் பார்த்து, குறையும் இடத்தில் இன்னும் நுணுக்கமாக இறங்குங்கள். சோம்பேறிகளுக்கு (நானும்தான்) செலஸ்ட்ராக்கின் சாக்ரடீஸ் சேவை இதையெல்லாம் செய்து பட்டியலாகவே போட்டுவிடுகிறது. ஆரம்பத்தில் சொன்ன 584 மீட்டர் அங்கிருந்து வந்ததுதான்.

படி 5: மோதினால் என்ன வேகம்

இது சின்னப் படி. வட்டப் பாதையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால், ஒப்பு வேகம் = 2 × வேகம் × (வெட்டும் கோணத்தில் பாதியின் சைன்). 2 × 7.46 × சைன் 51 = விநாடிக்கு 11.6 கி.மீ. அறிக்கைகளில் 11.7 என்று இருக்கும், கோணம் ஒரு டிகிரி கூடினாலே அது வந்துவிடும். இந்த வேகத்தில் ஒரு கிலோ பொருளின் ஆற்றல் 16 கிலோ டி.என்.டி. வெடிப்புக்குச் சமம். மோதும் ஆற்றல், அடிபடும் பொருளின் ஒவ்வொரு கிராமுக்கும் 40 ஜூலைத் தாண்டினால் அது மொத்தமாகச் சிதறும் என்பது துறையில் வழக்கமான அளவுகோல். 560 கிலோ இரிடியத்துக்கு ஒரு கிலோ துண்டே போதும், கிராமுக்கு 120 ஜூலுக்கு மேல் வருகிறது. அன்று வந்தது ஏறக்குறைய 900 கிலோ.

1996-இல் பிரான்சின் செரீஸ் என்ற சின்னச் செயற்கைக்கோள் கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்திருந்தது. பத்து வருடத்துக்கு முன் வெடித்த ஏரியன் ராக்கெட் அடுக்கின் துண்டு ஒன்று அதன் நீட்டிக்கொண்டிருந்த கம்பத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போனது. உடல் தப்பியது. பட்டியலில் உள்ள இரண்டு பொருள்கள் தற்செயலாக மோதியதாக உறுதியான முதல் சம்பவம் அது.

படி 6: இடைவெளியை நம்பாதீர்கள், பிழையைக் கேளுங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி, அவசரப்படாமல் படியுங்கள்.

நான்கு மீட்டர் நீளமுள்ள செயற்கைக்கோள் தன் நீளத்தை அரை மில்லிவிநாடியில் கடந்துவிடும். ஆக இரண்டு பொருள்கள் மோதுமா என்பதை அடித்துச் சொல்ல அவை அந்தப் புள்ளிக்கு வரும் நேரம் மில்லிவிநாடியில் தெரிந்திருக்க வேண்டும். நமக்கோ ஒரு கி.மீ. பிழை. அப்படியானால் 584 மீட்டர் என்பது ஒரு தூரமே இல்லை. மேகம்போலப் பரவிய இரண்டு சந்தேகங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட அளவு அது, அவ்வளவுதான்.

அதனால்தான் தூரத்தைக் கேட்காமல் நிகழ்தகவைக் கேட்கிறார்கள். எளிய வடிவம் இது: இரண்டு பொருள்களின் ஆரங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், இதை உடல் ஆரம் என்போம். இரண்டின் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுங்கள், அது மொத்தப் பிழை. உடல் ஆரத்தின் வர்க்கத்தை, மொத்தப் பிழையின் வர்க்கத்தைப் போல் இருமடங்கால் வகுங்கள். அதை, (இடைவெளி ÷ மொத்தப் பிழை) என்பதன் வர்க்கத்தில் பாதியை எதிர்க்குறியோடு அடுக்காக்கிய எக்ஸ்பொனன்ஷியலால் பெருக்குங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே வரி. எல்லாத் திசையிலும் பிழை சமம் என்று வைத்த தோராயம் இது, உண்மையில் பயணத் திசையில்தான் பிழை மிக நீளமாக இழுபட்டிருக்கும். பழகுவதற்கு இது போதும்.

உடல் ஆரம் 10 மீட்டர், இடைவெளி 200 மீட்டர் என்று வைத்துப் பிழையை மட்டும் மாற்றுகிறேன். பிழை 20 மீட்டர்: நிகழ்தகவு பூஜ்ஜியம் என்றே சொல்லலாம், ஏனென்றால் 200 மீட்டர் என்பது உறுதியாகத் தெரிகிறது. பிழை 200 மீட்டர்: 1,300-இல் 1, வண்டியை உடனே நகர்த்த வேண்டிய அளவு. பிழை 2,000 மீட்டர்: 80,000-இல் 1.

கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். பிழை பத்து மடங்கு கூடியது, ஆபத்து குறைந்துவிட்டது! நமக்கு ஒன்றும் தெரியாது என்பதால் கணக்கு நிம்மதியைக் காட்டுகிறது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டால் பேய் போய்விடும் என்பதுபோல. மோசமான தரவை வைத்துக்கொண்டு நிகழ்தகவு குறைவாக இருக்கிறது, பரவாயில்லை என்று சொல்வது இந்தத் துறையின் பெரிய பொறி.

இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. பிழை எவ்வளவாக இருந்தால் நிகழ்தகவு உச்சத்தை அடையும் என்று பாருங்கள். இந்த எளிய வடிவத்தில் அந்த உச்சம்: உடல் ஆரத்தின் வர்க்கம் ÷ (இடைவெளியின் வர்க்கம் × 2.718). இரிடியம்–காஸ்மோஸ் ஜோடிக்கு 10 மீட்டர், 584 மீட்டர் என்று போட்டால் 9,300-இல் 1. இப்போது உலகெங்கும் பலர் வைத்திருக்கும் எல்லைக்கோடு 10,000-இல் 1. அதாவது இருப்பதிலேயே மோசமான ஊகத்தை வைத்தாலும் அந்த ஜோடி கோட்டை லேசாகத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். பிழை ஒரு கி.மீ. என்று நேர்மையாகப் போட்டால் 24,000-இல் 1, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 584 மீட்டர் பூஜ்ஜியமானதில் மர்மம் எதுவும் இல்லை. அந்தத் தரவில் பூஜ்ஜியமும் 584-ம் ஒன்றுக்கொன்று வேறுபடவே இல்லை.

படி 7: முடிவெடுப்பது, யார் நகர்வது

உச்ச நிகழ்தகவே 10,000-இல் 1-க்குக் கீழே என்றால் கோப்பை மூடலாம். உச்சம் மேலே, இப்போதைய மதிப்பு கீழே என்றால் நல்ல தரவு வேண்டும் என்று பொருள், ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. செயற்கைக்கோள் நடத்துபவர்களுக்கு அமெரிக்க விண்வெளிப் படை சி.டி.எம். என்ற எச்சரிக்கைச் செய்தியை அனுப்புகிறது. நெருங்கும் நேரம், மூன்று திசைகளிலும் இடைவெளி, பிழையின் விவரம் எல்லாம் அதில் இருக்கும், டி.எல்.இ.யைவிடப் பல மடங்கு மேல். ஒரே நெருக்கத்துக்கு நாளுக்குச் சில செய்திகள் வரும். அவற்றை வரிசையாக வைத்து இடைவெளி எந்தப் பக்கம் போகிறது, பிழை சுருங்குகிறதா என்று பாருங்கள். ஒற்றைச் செய்தியைப் பார்த்து முடிவெடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

சூரியப் புயல் அடிக்கும் நாளில் எல்லாக் கணிப்பையும் சந்தேகியுங்கள். மேல் வளிமண்டலம் உப்பி இழுவை கூடிவிடும். 2024 மே 10, 11-இல் அடித்த புயலில் தாழ்பாதைக் கணிப்புகள் பலவும் தடுமாறின.

அப்புறம் யார் வழிவிடுவது? சாலைபோல் வலப்பக்கம் வருபவருக்கு முன்னுரிமை என்றெல்லாம் அங்கே விதி கிடையாது. ஒருவர் செத்த செயற்கைக்கோள் என்றால் கேள்வியே இல்லை, உயிரோடு இருப்பவர் நகர வேண்டும். 2024 பிப்ரவரி 28-இல் நாசாவின் டைமெட் செயற்கைக்கோளை ரஷ்யாவின் செத்த காஸ்மோஸ் 2221 இருபது மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கடந்தது. டைமெட்டில் எஞ்சின் கிடையாது. இரண்டுமே நகர முடியாதவை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருவரும் உயிரோடு இருந்தால் இன்னும் சிக்கல், இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கினால்? 2019 செப்டம்பர் 2-இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் 44-ம் 320 கி.மீ. உயரத்தில் நெருங்கின. நிகழ்தகவு 1,000-இல் 1-ஐத் தாண்டியது. ஸ்பேஸ்எக்ஸ் பக்கம் எச்சரிக்கை அமைப்பில் ஒரு கோளாறு, ஏறிய எண் உரியவர் கண்ணில் படவில்லை. கடைசியில் ஐரோப்பியர்கள்தான் ஏயோலஸை உயர்த்தித் தப்பவைத்தார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர்களுக்குள் பேச்சு நடந்தது மின்னஞ்சலில்!

படி 8: எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுவது

பாதைகள் வெவ்வேறாக இருக்கும்போது கோணம் இங்கே திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

மலிவான வழி, பயணத் திசையில் லேசாகத் தள்ளி, வெட்டுப் புள்ளிக்கு முன்பின்னாகப் போய்ச் சேர்வது. நகர்வு = 3 × தள்ளிய வேகம் × மீதமுள்ள நேரம். ஒரு நாள் முன்னதாக விநாடிக்கு வெறும் ஒரு செ.மீ. தள்ளினால் 2.6 கி.மீ. கிடைக்கும். எறும்பு நடக்கும் வேகம், இரண்டரை கிலோமீட்டர்!

ஆனால் அந்த 2.6 முழுக்கப் பயன்படாது. அதை வெட்டும் கோணத்தில் பாதியின் கொசைனால் பெருக்குங்கள். 102 டிகிரிக்கு 0.63, சரி, 1.6 கி.மீ. மிச்சம். நேருக்கு நேர் வந்தால் கோணம் 180, பாதி 90, கொசைன் பூஜ்ஜியம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே ரயில் வரும்போது நீங்கள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் மோதும் இடம்தான் மாறும். அப்போது நேரத்தில் தப்ப முடியாது, உயரத்தில்தான் தப்ப வேண்டும். அதற்கு நெருக்கத்துக்கு அரைச் சுற்று முன்னால் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் உயரம் மாறும், அதே ஒரு செ.மீ. வேகத்துக்கு இந்த உயரத்தில் 38 மீட்டர். 380 மீட்டர் வேண்டுமென்றால் பத்து செ.மீ. எரிபொருள் செலவு அங்கே ஏறுகிறது. ஏயோலஸ் செய்ததும் இந்த அரைச் சுற்றுக் கணக்கைத்தான்.

எஞ்சின் இல்லாத கியூப்சாட் (பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோள்) வைத்திருப்பவர்கள் சில சமயம் உடலைத் திருப்பிக் காற்றிழுவையைக் கூட்டிக் குறைத்து நகர்த்துவார்கள். மெதுவான வழி, ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும், தாழ்ந்த உயரத்தில் மட்டும் வேலைக்காகும்.

நகர்த்தும் கட்டளையை அனுப்பும் முன் புதுப் பாதையை வைத்து படி 2-இலிருந்து மறுபடி ஓட்டுங்கள். ஒருவரிடமிருந்து ஒதுங்கி இன்னொருவர் மடியில் போய் விழுந்த கதையாகிவிடக் கூடாது.

படி 9: அடுத்த மாதமும் பாருங்கள்

இன்று பாதுகாப்பு என்றால் என்றும் பாதுகாப்பு இல்லை. பூமியின் இடுப்புப் பெருத்திருப்பதால் பாதைத் தளங்கள் மெல்லச் சுழலும், எவ்வளவு வேகமாக என்பது சாய்வைப் பொறுத்தது. இரிடியம் தளம் நாளுக்கு 0.42 டிகிரி மேற்கே நகரும், காஸ்மோஸின் 74 டிகிரித் தளம் 1.84 டிகிரி. வித்தியாசம் 1.42. ஆக சுமார் 254 நாளில் இரண்டு தளங்களும் ஒன்றையொன்று முழுச் சுற்று சுற்றிவிடும். அதற்குள் வெட்டும் கோணம் மாறும், வெட்டும் இடமும் மாறும்.

இதில் மோசமான வகை ஒன்று உண்டு. சூரியனோடு ஒத்துப்போகும் பாதையில் பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களின் சாய்வு ஏறக்குறைய 97.5 டிகிரி. 2021 நவம்பர் 15-இல் ரஷ்யா ஏவுகணையால் உடைத்த காஸ்மோஸ் 1408-இன் சாய்வு 82.5-ஐ ஒட்டியது. இரண்டையும் கூட்டுங்கள், 180. கணுக்கள் எதிரெதிராக வரும் நாட்களில் இரண்டு தளங்களும் ஒன்றாகிவிடும், போகும் திசை மட்டும் நேரெதிர். அப்போது இரண்டு முனைகள் என்ற கணக்கே செல்லாது, பாதை முழுக்க நேருக்கு நேர். உடைத்த பிறகு அப்படிப்பட்ட நாட்களில் அதன் 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள் மழைபோல் எதிரே வந்தன, விநாடிக்கு 15 கி.மீ. ஒப்பு வேகத்தில், சில நாள் நீடித்து, பிறகு தளங்கள் விலகியதும் ஓய்ந்தன. உங்கள் செயற்கைக்கோள் சூரிய ஒத்திசைவுப் பாதையில் இருந்தால் இப்படிப்பட்ட நாட்களை நாட்காட்டியில் முன்பே குறித்து வையுங்கள், கணு நகரும் வேகம் தெரிந்தால் தேதி சொல்வது பஞ்சாங்கம் பார்ப்பதைவிடச் சுலபம்.

35,786 கி.மீ. உயரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டே வரி. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போவதால் நிம்மதி என்பார்கள். கைவிடப்பட்டவை மட்டும் வருடக்கணக்கில் 15 டிகிரி வரை சாய்ந்து, நாளுக்கு இரண்டு முறை அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டும், ஒப்பு வேகம் விநாடிக்கு 0.8 கி.மீ., துப்பாக்கிக் குண்டு அளவு.

ஏவும்போதும் இதே கணக்குதான்

மேலே இருப்பவற்றுக்கு மட்டுமல்ல, தரையில் நிற்கும் ராக்கெட்டுக்கும் இதே ஒன்பது படிகளை ஓட்டுவார்கள். அதற்கு இன்னும் பாதை கிடையாது, புறப்படும் நேரத்தைப் பொறுத்துப் பாதை அமையும். ஏவும் நேரத்தைச் சில விநாடி வீதம் நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் யார் குறுக்கே வருகிறார்கள் என்று பார்த்து, அடைபட்ட விநாடிகளைத் தவிர்ப்பார்கள். இஸ்ரோவுக்கு இதைப் பார்த்துச் சொல்லும் மையம் பெங்களூருவில், ஸ்ரீஹரிகோட்டாவில் அதற்கு ராடாரும் உண்டு. 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதை இதற்காக நான்கு விநாடி தள்ளிவைத்தார்கள். நான்கு விநாடியை 7.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 30 கி.மீ.